தோமையாருக்கு மாலை போட்டவர்

என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் பரங்கிமலை தோமையாருக்கு மாலை போட்டார். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். ஐயப்பனுக்கு இல்லை, பழனி முருகனுக்கும் இல்லை. ஏசுநாதரின் சீடர்களில் ஒருத்தர் கடல் தாண்டி நம்ம மெட்ராஸ் பக்கம் வந்து, அந்த மலை மேல்தான் உயிரை விட்டார் என்று சொல்கிறார்களே, அந்தத் தோமையாருக்கு. கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் காவி வேட்டி, முகத்தில் நரைத்த தாடி, காலில் செருப்பு கிடையாது. அதுவும் வெயில் ஏற ஆரம்பிக்கிற மாசி மாசத்தில். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்குப் பேச நல்ல விஷயம் கிடைத்தது.

காய்கறி வண்டிக்காரர், "சாமி, எந்த மலைக்கு?" என்று கேட்பார். இவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் "பரங்கிமலை" என்பார். வண்டிக்காரர் என்னைப் பார்ப்பார். நான் கத்தரிக்காயைப் பார்ப்பேன்.

அந்த வேண்டுதல் வந்ததே என்னால்தான். அதற்கு முந்தைய வருஷம் எனக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சொந்தக்காரர்கள் 'அந்த ஆபரேஷன்', 'அந்த இடம்' என்று குரலை இறக்கிப் பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்பு என்று சொன்னால் நாக்கு என்ன அழுகியா போய்விடும்? ஆனால் வாயால் சொல்கிற தைரியம் வேறு, கண்ணாடி முன்னால் நிற்கிற தைரியம் வேறு. முதலாவது என்னிடம் நிறைய இருந்தது. இரண்டாவதைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டில் ஜன்னலோரம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டு வானம், அதன் அடியில் ஒரு துண்டு மலை. மருந்து மயக்கத்தில் அந்த மலை சில நேரம் பக்கத்தில் வந்து நிற்கும், சில நேரம் தள்ளிப் போய்விடும். மேலே வெள்ளையாக ஒரு கோயில். சாயங்காலம் அதில் விளக்குப் போட்டால் மலை கண் திறந்த மாதிரி இருக்கும். விமானம் ஒன்று அதன் தோளை உரசுவது போலத் தாழ்ந்து போகும், சத்தம் மட்டும் பிறகு வரும். நான் எத்தனை நாள் அப்படிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

இவரும் எங்கள் எதிர் வீட்டு அக்காவும் மாற்றி மாற்றி எனக்குத் துணை இருந்தார்கள். அக்கா டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாது. எங்கள் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டையும் தவறாது. ஆபரேஷன் நடந்த அன்று வெளியே பெஞ்சில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த இவரிடம் அக்கா ஜன்னல் வழியாக மலையைக் காட்டி, நடந்து வருகிறேன் என்று தோமையாரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார் என்றிருக்கிறார். இவர் உடனே மஞ்சள் துணி கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மஞ்சள் துணிக்கு எங்கே போவது? கைக்குட்டையில் ஒரு ரூபாயை முடிந்துகொண்டு, காசு முடிந்து வேண்டிக்கொண்டால் இந்தச் சாமி ஏற்றுக்கொள்வாரா என்று அக்காவிடமே கேட்டாராம். எனக்கு நினைவு திரும்பியதும் அக்கா சொன்ன முதல் கதை அதுதான். சிரித்தால் தையல் இழுத்தது.

இவரைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் இவருக்கு வேலை. மிஷினில் இருந்து வருகிற இரும்புச் சாமான்களின் தரம் பார்ப்பது. அளந்து பார்க்க எத்தனையோ கருவி வந்துவிட்டது. இருந்தாலும் கடைசியில் விரல் நுனியால் ஓரத்தைத் தடவி, பிசிறு இல்லை என்று விரல் சொன்னால்தான் பாஸ் போடுவார். வீட்டிலும் அதே கதை. கேஸை மூடினேன் என்று நான் சொன்னால் போதாது, போய்த் திருகிப் பார்ப்பார். பூட்டை இழுத்துப் பார்ப்பார். கோலமாவு வாங்கி வந்தாலும் இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்கிற ஆள்.

இன்னொன்று, இவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் 'நல்லா இருக்கு' என்று வாய் சொல்லும், இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். கல்யாணமாகி இத்தனை வருஷமாக நான் சமைத்தது அந்தப் புருவத்துக்குத்தான்.

எனக்கு அந்தப் புருவம்தான் பயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் சின்ன ரூமில் படுத்தேன். புடவை மாற்றும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். ஜாக்கெட்டுக்குள் பஞ்சு வைத்து நானே தைத்துக்கொண்டேன். டிரெஸ்ஸிங் மாற்றக்கூட நர்ஸிடமும் அக்காவிடமும்தான் போவேன். இவர் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. 'வலிக்குதா?' என்று மட்டும் கேட்பார். 'ம்' என்பேன். அந்தத் தழும்பை அவர் பார்க்கிற நொடியில் புருவம் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு அவர் எத்தனை நல்ல வார்த்தை சொன்னாலும் என் காதில் ஏறாது. நான் அப்படிப்பட்டவள். அதனால் அந்த நொடியே வராமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் அவர் பக்கத்தில் படுக்க ஆசையாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முடியெல்லாம் கொட்டி மறுபடி முளைத்து, கடைசி ஊசியும் முடிந்து பல மாசம் கழித்து ஒரு செக்கப். டாக்டரம்மா இவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, இனி எப்போதும் போல இருக்கலாம் என்றார். எப்போதும் போல. நல்ல செய்திதானே, யாருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கு மட்டும் 'வலிக்குது' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே வழியும் அடைபட்டது. இனி எதைச் சொல்லித் தள்ளிப் படுப்பேன்?

அந்த வாரமே அக்கா நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டுக்கொண்டு வந்து நின்றார். தவக்காலம் ஆரம்பம், சாம்பல் புதன். இவர் அதை உற்றுப் பார்த்து, உங்களுக்கும் விபூதி உண்டா என்று ஆச்சரியமாகக் கேட்டார். அக்கா விளக்கினார். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நோன்பு, கறி மீன் தள்ளிவைப்பார்கள், கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் சர்ச்சிலிருந்து பரங்கிமலைக்கு நடைப்பயணம் போவார்கள். இவருக்கு முகம் தெளிந்துவிட்டது. அப்ப இது ஒரு மண்டலக் கணக்குதானே என்றார். மறுநாள் குளித்துவிட்டு வந்தவர் கழுத்தில் துளசி மாலை. இளவயசில் நண்பர்களோடு சபரிமலைக்குப் போனவர், அந்த முறைதான் அவருக்குத் தெரியும். கருப்பு வேட்டி ஐயப்பனுக்கு என்பதால் இவருக்குக் காவி என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார்.

மாலை போட்டால் தனியாகப் படுக்க வேண்டும், பெண்டாட்டியைத் தொடக் கூடாது. தெரிந்த விஷயம்தான். அன்று சாயங்காலமே ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டார். நான் சின்ன ரூமில் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்து, அப்பாடா, தப்பித்தேன் என்று பெருமூச்சு விட்டேன். தோமையார் யாரோ எவரோ, எனக்கு நல்லது செய்கிறார் என்று நினைத்தேன்.

அந்த நாட்கள் எனக்கு ஒரு நீளமான மத்தியானத் தூக்கம் மாதிரி நினைவில் இருக்கின்றன. காலையில் துளசி வாசனை, கற்பூரம். இவர் வாங்கி வைத்த தோமையார் படத்துக்குச் செம்பருத்திப் பூ. விடியலில் ஏரியைச் சுற்றி இவர் வெறுங்காலோடு நடைப் பயிற்சி போவார். நான் மாடியிலிருந்து பார்ப்பேன். ஏரி மேல் புகை மாதிரி பனி, அதன் ஓரத்தில் காவி நிறத்தில் ஒரு சின்னப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். யாருக்கோ நேர்ந்துகொண்டு யாரோ நடக்கிற மாதிரி வேடிக்கை பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை போகும்போதும் காலண்டரில் மீதி நாளை எண்ணுவேன். மலைக்குப் போய்விட்டு வந்தால் மாலையைக் கழற்றிவிடுவார். அப்புறம்?

நடைப்பயணம் நெருங்கியதும் நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், ஆட்டோவில் வந்து மலையடிவாரத்தில் நில் என்றார். எனக்குக் கோபம் வந்தது. வேண்டுதல் என் உடம்புக்கு, அந்த உடம்பு ஆட்டோவில் போகுமா என்று கேட்டேன். தாடியைச் சொறிந்தார். உண்மையில் பக்தி ஒன்றும் இல்லை. மாலை கழற்றுகிற இடத்தில் நான் இருக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

இரும்புலியூரிலிருந்து கிளம்பி வருகிற கூட்டத்தோடு சானடோரியம் சிக்னலில் நாங்கள் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. விடிவதற்கு முன்னால் அங்கே போய் நின்றோம், நான், இவர், அக்கா. ஜி.எஸ்.டி. ரோட்டை நான் பஸ்ஸிலிருந்தும் ஆட்டோவிலிருந்தும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் திட்டிக்கொண்டே. அந்த நேரத்தில் அது வேறு ரோடாக இருந்தது. அகலமாக, ஈரமாக, மஞ்சள் வெளிச்சத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து முதலில் பாட்டுச் சத்தம் வந்தது, பிறகு குட்டி யானை என்கிற ஒரு சின்ன லோடு வண்டியில் ஒலிபெருக்கி, அதன் பின்னால் ஆட்கள். துப்பட்டாவைத் தலையில் போட்ட பெண்கள், ஸ்வெட்டர் போட்ட பெரியவர்கள், ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்த ஒருத்தி. முன்னால் ஒரு மரச்சிலுவையை ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கி வந்தார்கள்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். காவி வேட்டி, துளசி மாலை, சந்தனக் கீற்று. வழி தவறி வந்த ஐயப்ப சாமி என்று நினைத்திருப்பார்கள். அக்கா முன்னால் போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, இடம் விட்டு ஒதுங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். கொஞ்ச தூரத்தில் சிலுவையையே இவர் தோளில் கொடுத்துவிட்டார்கள். பயபக்தியோடு வாங்கிக்கொண்டவர் குறுக்குக் கட்டை சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்து, இந்த மூட்டு ஆடுது சார், ஒரு ஸ்க்ரூ போடணும் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

குரோம்பேட்டை தாண்டும்போது மன்றாட்டு மாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் இருப்பவர் ஒவ்வொரு புனிதரின் பெயராகச் சொல்வார், கூட்டம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முடிக்கும். சொன்னதையே திரும்பச் சொல்லி, நடையும் அதே தாளத்தில் விழுந்து, யார் காலில் நடக்கிறோம் என்றே தெரியாமல் போனது. இவரும் கண் பாதி மூடி நடந்தார். 'புனித தோமையாரே' என்று வண்டி சொன்னதும் பழைய பழக்கத்தில் இவர் வாயிலிருந்து 'சரணமய்யப்பா' என்று கணீரென்று வந்துவிட்டது. கூட்டம் ஒரு நொடி நின்றது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் ஆனது. முன்னால் போன பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்க்காமலே, "பரவால்ல, அவருக்கும் கேட்டிருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அடுத்த பெயருக்குப் போனார்கள்.

பல்லாவரத்தில் பழைய டிரங்க் ரோட்டு வழியாகப் போனோம். வெள்ளிக்கிழமை, சந்தை நாள். கடை போட வருகிறவர்கள் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய பூட்டு, உடைந்த கடிகாரம், ஒற்றை ஷூ, கூண்டில் புறா, வேரோடு சுற்றிய ரோஜாச் செடி. பாதி இருட்டில் ஏதோ கனவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிற மாதிரி இருந்தது. புறாக் கடைக்காரர் இவரைப் பார்த்து, "இன்னா சாமி, சிலுவை தூக்கினு போறே, எந்தக் கோயிலு?" என்று கேட்டார். இவர் கையை வடக்கே காட்டினார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பஞ்சு வேர்வையில் நனைந்து நகர்ந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடி உள்ளே சரி செய்துகொண்டேன்.

அங்கே டீக்கு நிறுத்தினார்கள். நானும் அக்காவும் ஓரமாக நின்றோம். இவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்கா பேச்சுவாக்கில், பாவம் கால் கொப்பளித்துவிட்டது, மாலை செருப்பு இதெல்லாம் எதற்கு என்று முதல் நாளே நான் சொன்னேன், கேட்டால்தானே என்றார். ஃபாதரிடமும் கூட்டிப்போனாராம். ஃபாதரும் சிரித்துவிட்டு, சும்மா நடந்து வந்தால் போதும், எங்களுக்கு அந்த முறையெல்லாம் கிடையாது, எப்போதும் போல வீட்டில் இருங்கள் என்று தெளிவாகச் சொன்னாராம். "அதுக்கு உன் வீட்டுக்காரர், தெரியும் ஃபாதர், எனக்கு வேற ஒண்ணுக்கு இது வேணும்னார். என்னான்னு நாங்க கேக்கல."

டீ சுட்டது. எப்போது சொன்னார் என்று கேட்டேன். மாலை போட்ட அன்றைக்கேதான் என்றார் அக்கா.

டீ முடிந்து திரிசூலத்துக்கு வந்துவிட்டோம். விமான நிலையத்து நீளமான சுவர் பக்கமாக நடந்தோம். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. விமானங்கள் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தலைக்கு மேல் இறங்கின, ஜன்னல் ஜன்னலாக விளக்கு தெரிந்தது. உள்ளே தூங்கி எழுந்த முகங்கள் இருக்கும், கீழே இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்கு என்ன தோன்றும் என்று எண்ணினேன். கால் பாட்டுக்கு நடந்தது. தெரியும் ஃபாதர் என்றால் என்ன அர்த்தம்? என்னைத் தொடாமல் இருக்க இவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததா? பார்க்காமலே புருவம் ஏறிவிட்டதா?  நான் ஒளிந்துகொண்டது சரி, அவரும் ஒளிந்தால் எப்படி?

அக்கா பக்கத்தில் நடந்து வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றத் தோமையார் கதையைச் சொன்னார். சிலுவையில் செத்த ஏசுநாதர் எழுந்து வந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது தோமையார் நம்பவில்லையாம். காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாராம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரும் தரம் பார்க்கிற ஆள்தான் போல என்றேன். அப்புறம் ஏசுநாதர் அவர் முன்னால் வந்து, இந்தா, விலாவில் கையை வைத்துப் பார் என்று காட்டினாராம். தொட்டாரா என்று கேட்டேன். தொட்டார் என்று புத்தகத்தில் போடவில்லை, படத்தில் மட்டும் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றார் அக்கா.

எல்லோரும் தோமையாரைப் பற்றியே பேசுகிறார்கள். சந்தேகப்பட்டார், நம்பினார், கடல் தாண்டி வந்தார். எனக்கு அந்த விடியலில் மற்றவரைப் பற்றித்தான் நினைப்பு. துணியை விலக்கிக் காயத்தைக் காட்டினாரே, அவருக்கு எப்படி இருந்திருக்கும்? சாமியே ஆனாலும் அந்த ஒரு நொடியில் தோமையாரின் முகத்தை உற்றுப் பார்த்திருக்க மாட்டாரா? நண்பன் முகம் சுளிக்கிறானா என்று பார்த்திருக்க மாட்டாரா? சுளித்திருந்தால் என்ன செய்திருப்பார்? எனக்கு அவர் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது, ஒரே வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் மேல் வருமே, அந்த மாதிரி.

மலை வந்தபோது வெயில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் துண்டாகப் பார்த்ததை முழுசாகப் பார்க்கிறேன். படியெல்லாம் சிலுவைப்பாதை, ஏசுநாதர் சிலுவை சுமந்து போன காட்சிகள், ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஜெபம் சொல்லி ஏறினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. இவர் கையை நீட்டியவர், விரதம் ஞாபகம் வந்து சட்டென்று இழுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மேலே கோயிலுக்குள் போய்க் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அந்த ஒரு ரூபாயை உண்டியலில் போட்டார். அப்புறம் வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். கீழே ரன்வே, வெயிலில் மின்னுகிற கூரைகள், தெற்கே எங்கேயோ நம் ஏரி. காற்று நன்றாக இருந்தது. அக்கா உள்ளே பூசையில் இருந்தார்.

நான் கேட்டுவிட்டேன். "மாலை எல்லாம் வேண்டாம்னு ஃபாதர் முதல் நாளே சொன்னாராமே."

"ஆமா."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

அவர் ரன்வேயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு விமானம் கிளம்பிக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பிறகு சொன்னார். "எல்லாம் ஆறிடுச்சுன்னு டாக்டரம்மா சொன்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். முந்தானையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே. நான் வெளிய படுக்க ஒரு காரணம் இருந்தா உனக்கு நிம்மதியா இருக்கும்னு தோணுச்சு. நீயா சொல்ல மாட்டே. அதான் நானே போட்டுக்கிட்டேன்."

முகத்தை மறைக்கத் தெரியாத மனுஷன் என் முகத்தைப் படித்துவைத்திருக்கிறார். இத்தனை நாளும் நான்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

அவர் மாலையைக் கையால் பிடித்துக்கொண்டு, கணக்கு கேட்கிறவர் மாதிரி கேட்டார். "இப்ப கழட்டணுமா, இல்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா? நீ சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலுக்கு வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம், அவர் வருஷம் முழுக்கக்கூடப் போட்டுக்கொண்டு திரிவார், தெருவும் பேசிப் பேசி ஓய்ந்துவிடும். நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் மாலையைப் பிடித்து, அவர் தலைக்கு மேலே தூக்கிக் கழற்றினேன். தாடியில் மாட்டிக்கொண்டது. "மெதுவா" என்றார்.

பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறித் திரும்பினோம். நடந்து வந்த அவ்வளவு தூரமும் ஜன்னலில் பின்னால் ஓடியது. சுவர், சந்தை, டீக்கடை, எல்லாம் பகல் வெளிச்சத்தில் சாதாரணமாக இருந்தன. அக்கா தூங்கிவிட்டார். இவர் கால் கொப்புளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மாலை என் பையில் இருந்தது, பையைத் திறக்கும்போதெல்லாம் துளசி வாசனை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். சின்ன ரூமுக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளில் கை வைத்தேன், போடாமல் கையை எடுத்தேன். புடவையைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நல்ல மத்தியான வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து நகர்ந்து, அவரைக் கூப்பிட்டேன். ரூம் வாசலில் வந்து நின்றார். நான் முந்தானையை விலக்கினேன்.  அவர் புருவத்தையே பார்த்தேன்.

"இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். செத்துவிடலாம் போலிருந்தது. ஹாலில் ஏதோ இழுக்கிற சத்தம், திறக்கிற சத்தம். திரும்பி வந்தபோது மூக்கில் கண்ணாடி போட்டிருந்தார், கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி, கம்பெனிக்குப் போட்டுப் போவாரே அது. கட்டில் முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் வலது கை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அக்குள் பக்கம் ஆரம்பிக்கிற இடத்திலிருந்து தழும்பின் மேல் மெதுவாக வைத்து இழுத்துக்கொண்டே வந்தார். புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பிசிறே இல்ல" என்றார். "நல்லாத் தச்சிருக்காங்க."

கடைசி முனையில் தோல் கொஞ்சம் மடிந்து தூக்கியிருக்கும். அங்கே விரல் வந்ததும் நின்றது. இடது புருவம் ஏறியது. "இங்க மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கு" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கட்டில் ஆடியது, கண்ணில் தண்ணீர் நிற்கவே இல்லை. அவருக்கு எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. விரலை எடுக்கவும் இல்லை.

மாலை இப்போது அலமாரியில் தோமையார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த மழைக்காலம் முடிந்து வீட்டைச் சுத்தம் பண்ணும்போது இவர் எல்லாக் கதவையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சின்ன ரூம் தாழ்ப்பாள் துருப்பிடித்து நகராமல் கிடக்கிறது, எண்ணெய் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.